கடைசியாக மூடும் கடை

இரவு பத்தரை மணிக்குத்தான் நான் வீடு பார்க்கப் போவேன். வீட்டுக்காரர்கள் பலருக்கு இது பிடிப்பதில்லை. "காலையில வாங்க சார், வெளிச்சத்துல நல்லா சுத்திப் பார்த்துக்கலாம்" என்பார்கள். காலையிலும் ஒருமுறை போகத்தான் செய்வேன். குழாயைத் திறந்து பார்க்க வேண்டும், மொட்டைமாடித் தொட்டியின் மூடியைத் தூக்கிப் பார்க்க வேண்டும், கழிவறைத் தாழ்ப்பாளை உள்ளிருந்து போட்டு வெளியிலிருந்து தள்ளிப் பார்க்க வேண்டும். ஆனால் முடிவு எடுப்பது இரவு நடையில்தான். இரண்டாம் ஷிப்ட் பத்து மணிக்கு விடும். கம்பெனி பஸ் ஊருக்குள் வந்து ஆளை இறக்கிவிட பத்தரை, பத்தே முக்கால் ஆகும். இறங்குகிற இடத்திலிருந்து வாசற்படி வரைக்கும் அந்த நேரத்தில் எப்படி இருக்கிறது என்பதுதான் ஒரு வீட்டின் உண்மையான முகம்.

சுங்குவார்சத்திரத்தைச் சுற்றியுள்ள தொழிற்சாலைகளுக்கு வேலைக்கும் பயிற்சிக்கும் இயந்திரம் நிறுவவும் வருகிறவர்களுக்குத் தங்க இடம் பார்த்துக் கொடுப்பது என் தொழில். 2006இல் இதற்குள் வந்தேன். ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை தொடங்கிய வருஷம் அது. அதற்கு முன்பே இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார்கள் வெளிவந்துகொண்டிருந்தன. அடுத்தடுத்து எங்கள் ஊர்ப் பக்கம், ஒரகடம், வல்லம் வடகால் என்று சிப்காட் வளாகங்கள் நிறையத் தொடங்கியபோது, செய்யாற்றிலிருந்தும் வந்தவாசியிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் கொரியாவிலிருந்தும் ஆட்கள் வந்து இறங்கினார்கள். எல்லோருக்கும் கேள்வி ஒன்றுதான். எங்கே தங்குவது?

தொடக்கத்தில் இந்தக் கேள்விக்கு நான் கிலோமீட்டரில் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆலை வாசலுக்கு எவ்வளவு பக்கமோ அவ்வளவு நல்லது என்பது என் கணக்கு. 2009இல் செய்யாறு பக்கத்திலிருந்து வந்த ஆறு பெண்களுக்கு ஒரு மாடி வீடு பிடித்துக் கொடுத்தேன். புது வீடு. வெள்ளை டைல்ஸ், நல்ல போர்வெல் தண்ணீர். பஸ் ஸ்டாப்பிலிருந்து எண்ணூறு மீட்டர் இருக்கும். என் மனதுக்கு நிறைவாகத்தான் இருந்தது. ஆனால் ஸ்டாப் நெடுஞ்சாலையின் ஒரு பக்கம், வீடு மறுபக்கம். பகலில் நான் சாலையைக் கடந்தபோது ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. இரவு பத்தரைக்குப் பெங்களூர் லாரிகளும் ஆம்னி பஸ்களும் ஒன்றை ஒன்று விரட்டிக்கொண்டு வருகிற சாலையை ஆறு பெண்கள் கைகோத்துக்கொண்டு ஓடிக் கடந்தார்கள் என்பது எனக்கு மூன்று வாரம் கழித்துத்தான் தெரிந்தது.

அவர்களில் ஒரு பெண்ணின் அம்மா ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டைப் பார்க்க வந்தார். ஒரு துணிப்பையில் மணிலாக்கொட்டையும் இன்னொன்றில் அரிசியும் கொண்டு வந்திருந்தார். நான் டைல்ஸைக் காட்டினேன், தண்ணீரைக் காட்டினேன். எல்லாவற்றையும் பார்த்துவிட்டு மாடிச் சுவரோரம் நின்று தெருவைப் பார்த்தபடி கேட்டார்:

"தம்பி, பொண்ணுங்க ராத்திரி எறங்கி வர்ற வழியில கட எத்தன மணி வரைக்கும் தொறந்திருக்கும்?"

அந்த வழியில் கடையே இல்லை. ஒரு பக்கம் மனைப்பிரிவு போட்டுக் கல் நட்ட காலி நிலம், மறுபக்கம் ஒரு கிடங்கின் நீளச் சுவர். எனக்குப் பதில் வரவில்லை. அந்த அம்மா என்னை ஒரு வார்த்தை கடிந்து சொல்லவில்லை. "நல்ல வீடுதான். ஆனா கட இல்லியே" என்று மட்டும் சொன்னார். அடுத்த வாரமே அந்த ஆறு பேரையும் வேறு வீட்டுக்கு மாற்றினேன். வாலாஜாபாத் சாலைப் பக்கம், பழைய வீடு, தரை சிமென்ட்தான். கீழே ஒரு மளிகைக்கடை, எதிரில் பரோட்டாக்கடை. ஸ்டாப்புக்குத் தூரம் முன்னதைவிட இரண்டு மடங்கு. அதற்குப் பிறகு அந்தப் பெண்கள் வீடு மாறவே இல்லை.

அன்றிலிருந்து என் அளவுகோல் அந்த அம்மாவுடையது. ஒரு தெருவில் கடைசியாக மூடும் கடை எது, எத்தனை மணிக்கு மூடுகிறது, அதை நடத்துகிறவர் யார் என்று முதலில் பார்ப்பேன். கடை என்றால் வெளிச்சம் மட்டுமல்ல. அங்கே ஒரு ஆள் உட்கார்ந்திருக்கிறார். தினமும் பால் பாக்கெட் வாங்குகிற முகத்தை அவருக்குத் தெரியும். தெரியாத முகம் பின்னால் வந்தால் அதுவும் தெரியும். பத்து நிமிஷம் அவர் பக்கத்தில் நின்றுகொள்ளலாம், யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள்.

எல்லாக் கடையும் கணக்கில் வராது என்பதையும் போகப்போகத்தான் கற்றேன். நெடுஞ்சாலையோரப் பஞ்சர் கடை இரவெல்லாம் திறந்திருக்கும். ஆனால் அங்கே நிற்பவை லாரிகள். கடைக்காரரின் கண் டயரில் இருக்கும், தெருவில் இருக்காது. மருந்துக்கடை நல்ல கடை. பரோட்டாக்கடை இன்னும் நல்லது, பதினொன்றைத் தாண்டியும் கல் சூடாக இருக்கும். டாஸ்மாக் கடையைப் பற்றி நான் கண்டிப்பாக இருப்பேன். அது பத்து மணிக்கு மூடும். அங்கிருந்து கூட்டம் கலைகிற நேரமும் இரண்டாம் ஷிப்ட் பஸ் ஆளை இறக்குகிற நேரமும் ஏறக்குறைய ஒன்று. அந்த இரண்டும் ஒரே வழியில் சந்திக்கிற தெருவில் வீடு எவ்வளவு நன்றாக இருந்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுவேன்.

இதைச் சொல்லும்போது எங்கள் ஊர்ப் பெயரை நினைக்காமல் இருக்க முடிவதில்லை. பெயரிலேயே சத்திரம் இருக்கிறது. காஞ்சிபுரம் நோக்கி இதே சாலையில் இன்னும் போனால் பாலுசெட்டிசத்திரம். காலால் நடந்தும் மாட்டு வண்டியிலும் மக்கள் போன காலத்துச் சாலை இது. சத்திரம் கட்டியவர்கள் நிலம் எங்கே மலிவு என்று பார்த்தவர்கள் அல்ல. நடக்கிறவனுக்குக் கால் எங்கே ஓயும், பொழுது எங்கே சாயும், குடிக்கத் தண்ணீர் எங்கே இருக்கும் என்று பார்த்துக் கட்டினார்கள். இருட்டுகிற இடத்தில் ஒரு விளக்கு, ஒரு கிணறு, ஒரு திண்ணை. ஆலைகள் வந்த பிறகு இந்த ஊரில் எத்தனையோ மாடிகள் எழும்பிவிட்டன. இருட்டுகிற இடம் எது என்று பார்த்துக் கட்டியவை அவற்றில் கொஞ்சம்தான்.

கடைக்கு அடுத்தபடி நான் பார்ப்பது தண்ணீர். குடிக்கிற தண்ணீர் இல்லை, வந்து சூழ்கிற தண்ணீர். எங்கள் பக்கம் ஏரிகளின் நாடு. செம்பரம்பாக்கம், ஸ்ரீபெரும்புதூர், தென்னேரி என்று பெரிய ஏரிகள், அவற்றுக்கிடையே கணக்கற்ற சிற்றேரிகள். 2015 டிசம்பர் முதல் வாரத்தில் அடையாறு பெருகி முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியபோது, ஒரகடத்தில் வேலை பார்த்த நான்கு பொறியாளர்கள் நான் பிடித்துக் கொடுத்த தரைத்தள வீடுகளில் இருந்தார்கள். வெளிவட்டச் சாலை பக்கத்தில் இருப்பதால் ஒரகடம் போக வசதி என்று நானே சொல்லிக் குடிவைத்த வீடுகள். மொட்டைமாடியில் ஒரு இரவும் ஒரு பகலும் இருந்து, படகில் வெளியே வந்தார்கள். உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்த முப்பது மணி நேரம் என் போன் அடிக்கும் ஒவ்வொரு முறையும் எனக்குக் கை நடுங்கியது இப்போதும் நினைவிருக்கிறது.

அதற்குப் பிறகு எந்தக் கிராமத்தில் வீடு பார்க்கப் போனாலும் வீட்டுக்காரரிடம் பேசுவதற்கு முன் ஆடு மேய்க்கிறவரையோ டீக்கடைப் பெரியவரையோ பிடித்து ஒன்று கேட்பேன். "ஏரி நெறஞ்சா கலங்கல் எந்தப் பக்கம் வழியும்?" உபரி நீர் வழிகிற கலங்கல் மனைப்பிரிவின் வரைபடத்தில் இருக்காது. பெரியவர்களின் விரல் சரியான பக்கத்தை உடனே காட்டிவிடும். அந்த விரல் காட்டுகிற பக்கத்தில் தரைத்தளம் எடுப்பதில்லை.

நாள் கிழமையும் இந்தத் தொழிலில் பெரிய விஷயம். முகூர்த்த நாளில் காஞ்சிபுரத்தில் லாட்ஜ் கிடைக்காது. வைகாசியில் வரதர் கருடசேவைக்கு ஊரே வந்துவிடும். 2019இல் ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை நாற்பத்தெட்டு நாள் அத்திவரதர் குளத்திலிருந்து எழுந்து தரிசனம் கொடுத்தபோது, காஞ்சிபுரத்தில் மாதக் கணக்கில் எடுத்து வைத்திருந்த அறைகளையே காலி செய்துகொடுக்கச் சொன்னார்கள். பதினோரு பேரை ஒரே இரவில் வாலாஜாபாத்துக்கு மாற்றினேன். மாற்றிவிட்டு நானும் வரிசையில் நின்று வரதரைப் பார்த்துவிட்டு வந்தேன். நாற்பது வருஷத்துக்கு ஒருமுறை வருகிறவர் ஆயிற்றே.

கிளாம்பாக்கம் பேருந்து முனையம் 2023 டிசம்பர் கடைசியில் திறந்தபோதும் என் வரைபடம் மாறியது. அதற்கு முன் தெற்கு மாவட்டங்களிலிருந்து வருகிற பிள்ளைகள் கோயம்பேட்டில் இறங்கிப் பூந்தமல்லி வழியாக இங்கே வருவார்கள். அவர்களுக்கு ஸ்ரீபெரும்புதூரும் சுங்குவார்சத்திரமும் தோது. இப்போது கிளாம்பாக்கத்தில் இறங்கினால் வண்டலூர் - வாலாஜாபாத் சாலைதான் பக்கம். படப்பையும் ஒரகடமும் அவர்களுக்கு வாசலாகிவிட்டன. மாதம் ஒருமுறை ஊருக்குப் போகிற பையனுக்கு வேலை இடத்தின் தூரம் எவ்வளவு முக்கியமோ, ஊருக்குப் போகிற பஸ்ஸின் தூரமும் அவ்வளவு முக்கியம். திங்கட்கிழமை முதல் ஷிப்ட் ஆறு மணிக்கு. ஞாயிறு ராத்திரி அம்மா கையால் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினால் நேரத்துக்கு வந்து சேர முடியுமா என்பதை அவன் வாய்விட்டுக் கேட்க மாட்டான். நாம்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இப்படி ஏரியும் கலங்கலும் ஷிப்டும் பார்த்துப் பழகிய எனக்கு, கடல் தாண்டி ஒரு துறைமுக நகரத்தில் வீடு பார்க்கிற வேலையும் வந்தது. இத்தாலியின் ஜெனோவா.

நான் வீடு பார்த்துக் கொடுத்துவந்த ஒரு நிறுவனம் அங்கிருந்து இயந்திரம் வாங்கியது. அனுப்புவதற்கு முன் அங்கேயே ஓட்டிப் பார்த்துச் சரி என்று எழுதிக் கொடுக்க இரண்டு பொறியாளர்கள் 2016 ஜூனில் போனார்கள். அறை பார்க்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. வரைபடத்தை விரித்துவைத்து, பிரின்சிபே ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் பழைய நகரத்துக்குள் ஒரு வீட்டை எடுத்தேன். விமான நிலையத்துப் பஸ் அங்கேதான் நிற்கிறது, ரயில் அங்கேதான் இருக்கிறது, வாடகையும் குறைவு. செய்யாற்று அம்மா கற்றுக்கொடுத்ததை அன்று நான் எப்படி மறந்தேன் என்று தெரியவில்லை. வெளிநாடு என்றால் எல்லாத் தெருவும் வெளிச்சமாக இருக்கும் என்று எண்ணிவிட்டேன் போலிருக்கிறது.

அவர்கள் போய்ச் சேர்ந்தது இரவு பதினொன்று நாற்பதுக்கு. இங்கே அதிகாலை மூன்று பத்து. போன் வந்தது.

"சார், டாக்சி தெரு முனையிலயே நிறுத்திட்டான். உள்ள வண்டி போகாதாம்."

"நடந்தா எவ்வளவு தூரம்?"

"தூரம் இல்ல சார். சந்து சந்தா பிரியுது. ஏறுது."

"பக்கத்துல எதாவது கடை தெரியுதா?"

"ஒண்ணும் தெரியல சார். சட்டர் மட்டும்தான்."

அரை மணி நேரம் போனை வைக்காமல் பேசிக்கொண்டே இருந்தேன். ஒரு பெட்டியை ஒருவர் தூக்க, இன்னொருவர் வீட்டு எண்ணைத் தேட, கடைசியில் ஐந்தாவது மாடி, லிப்ட் இல்லை. யாரும் அவர்களைத் தொந்தரவு செய்யவில்லை. ஆனாலும் இரண்டு இளைஞர்கள் முதன்முதலாகப் பார்த்த வெளிநாட்டை நான் அவர்களுக்கு இப்படிக் காட்டியிருக்க வேண்டாம்.

மூன்று வருஷம் கழித்து 2019 மார்ச்சில் பன்னிரண்டு பேர் இரண்டு மாதம் அங்கே தங்கிப் பயிற்சி எடுக்க வேண்டியிருந்தது. "நீங்களே போய்ப் பார்த்துட்டு வாங்க" என்று என்னையே அனுப்பினார்கள். ஐந்து இரவு கிடைத்தது. ஒவ்வொரு இரவும் பத்தரை மணிக்கு ஒவ்வொரு பேட்டையில் நடந்தேன்.

ஜெனோவா மலைக்கும் கடலுக்கும் நடுவே நசுங்கிக் கிடக்கிற நகரம். அகலம் இல்லை, கடலோரமாக நீளம் மட்டும்தான். மேற்கே தொழிற்பேட்டை. கப்பல் கட்டுமிடம், இரும்பாலை, விமான நிலையம் எல்லாம் அந்தப் பக்கம். கிழக்கே நெர்வி, பொக்கதாஸ்ஸே என்று கடற்காற்று வாங்குகிற அழகான இடங்கள். நடுவில் பழைய நகரம். அதன் சந்துகளுக்கு அங்கே கருஜி என்று பெயர். இரண்டு கையையும் நீட்டினால் இரு சுவரையும் தொடலாம் என்கிற அளவுக்குச் சில சந்துகள் குறுகல். மேலே ஆறு ஏழு மாடி. வானம் ஒரு நாடாபோலத் தெரியும். வரைபடத்தில் இதெல்லாம் தெரியும். ஏற்றம் மட்டும் தெரியாது. பக்கத்துத் தெரு என்று வரைபடம் காட்டுவது நம் தலைக்கு மேலே நாலு மாடி உயரத்தில் இருக்கும். கஸ்தெல்லெத்தோ என்கிற மேட்டுப் பேட்டைக்குப் போக நூறு வருஷத்துக்கும் மேலாக ஒரு லிப்ட் ஓடுகிறது. நான் போனபோது நகரப் பஸ் டிக்கெட்டிலேயே அதில் ஏற முடிந்தது. லிப்டையே தெருவாக வைத்துக்கொண்ட ஊரை நான் அங்கேதான் பார்த்தேன்.

முதல் இரவே நான் 2016இல் எடுத்த அந்த வீட்டுத் தெருவுக்குப் போனேன். இருட்டான சந்துதான். ஆனால் நாற்பது அடி தள்ளி ஒரு திருப்பத்தைத் தாண்டினால் ஒரு மளிகைக்கடை திறந்திருந்தது. வங்கதேசத்துக்காரர் நடத்துகிறார். உருளைக்கிழங்கு, பச்சை மிளகாய், அரிசி எல்லாம் அடுக்கியிருந்தார். இரவு பன்னிரண்டு வரை இருப்பேன் என்றார். அன்று அந்தப் பிள்ளைகள் இடது பக்கம் திரும்புவதற்குப் பதிலாக வலது பக்கம் திரும்பியிருந்தால் இவரைப் பார்த்திருப்பார்கள். பழைய நகரம் பாதுகாப்பு இல்லை என்று ஒரே வரியில் சொல்லிவிடுகிறவர்களோடு எனக்கு அதனால்தான் உடன்பாடு இல்லை. அங்கே பேட்டை என்று ஒன்று கிடையாது, ஒவ்வொரு வளைவும் ஒரு பேட்டை. எர்பே சதுக்கத்தில் இளைஞர் கூட்டம் நள்ளிரவு தாண்டியும் கலையவில்லை. அங்கே மாடியில் அறை எடுத்தால் பயம் இருக்காது, தூக்கமும் இருக்காது. காலை ஏழு மணி ரயிலைப் பிடிக்க வேண்டியவனுக்குத் தூக்கம் வேண்டும்.

பயிற்சி நடந்த இடம் பொல்செவேரா பள்ளத்தாக்கில், போல்சனேட்டோ பக்கம். ரயிலில் அங்கே போகும்போதுதான் மொராண்டி பாலத்தைப் பார்த்தேன். 2018 ஆகஸ்ட் 14 அன்று இடிந்து நாற்பத்து மூன்று பேரைக் கொன்ற பாலம். நடுப்பகுதி இல்லாமல் இரண்டு பக்கமும் துண்டாக நின்றது. அதன் அடியிலேயே குடியிருப்புகள். கதவு சாத்திய ஜன்னல்கள். ஐந்நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் வீட்டை விட்டு வெளியேற வேண்டியதாயிற்று. நான் வீடு பார்க்கிறவன். அந்த ஜன்னல்களை என்னால் சும்மா பார்த்துக் கடக்க முடியவில்லை. ஒவ்வொன்றையும் யாரோ ஒருவர், வேலைக்குப் பக்கம், பஸ்ஸுக்குப் பக்கம் என்று பார்த்துப் பார்த்துத்தான் எடுத்திருப்பார். மேலே போகிற பாலத்தை யார் அண்ணாந்து பார்த்தார்கள்? அன்று முதல் நான் வீடு பார்க்கும்போது தலைக்கு மேலேயும் பார்க்கிறேன். எங்கள் பக்கம் அது உயர் அழுத்த மின்கம்பியாக இருக்கும்.

மூன்றாம் நாள் பகலில் கொஞ்சம் ஓய்வு கிடைத்தது. வியா கரிபால்தி என்கிற தெருவுக்குப் போனேன். இரண்டு பக்கமும் பெரிய மாளிகைகள். அங்கே எனக்குத் தெரியவந்த ஒரு செய்தியை என் தொழிலில் உள்ள எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஜெனோவா ஒரு குடியரசாக இருந்த காலம் அது. அரசனும் இல்லை, அரண்மனையும் இல்லை. பெரிய விருந்தினர்கள் வந்தால் எங்கே தங்கவைப்பது? 1576இல் அந்த நகரத்து ஆட்சிமன்றம் ஒரு ஏற்பாடு செய்தது. நகரத்துச் செல்வந்தர்களின் மாளிகைகளைப் பட்டியல் போட்டுத் தரம் பிரித்தது. அந்தப் பட்டியலுக்கு ரோல்லி என்று பெயர். விருந்தினரின் தகுதிக்கு ஏற்ற தரத்திலிருந்து சீட்டுக் குலுக்கி எடுப்பார்கள். யார் பெயர் வருகிறதோ அவர் தன் மாளிகையில் இடம் கொடுக்க வேண்டும். எனக்கு உடனே எங்கள் மாவட்டத்து உத்திரமேரூர்க் குடவோலை நினைவுக்கு வந்தது. ஓவியர் ரூபன்ஸ் இந்த ஊர் மாளிகைகளின் அமைப்பை வரைபடங்களாக 1622இல் புத்தகம் போட்டிருக்கிறார். ரோல்லி மாளிகைகளில் நாற்பத்திரண்டை 2006இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. நான் இந்தத் தொழிலுக்கு வந்த அதே வருஷம்.

விருந்தினருக்கு எங்கே இடம் கொடுப்பது என்பதை ஒரு அரசு உட்கார்ந்து யோசித்துப் பட்டியல் போட்டிருக்கிறது என்பதே எனக்குப் பெரிய மரியாதையாக இருந்தது. ஆனால் அந்தப் பட்டியலில் இளவரசர்களுக்கும் கர்தினால்களுக்கும்தான் இடம். அந்தத் துறைமுகத்தில் முதுகில் மூட்டை தூக்கியவர்களை அந்த ஊரில் கமல்லி என்பார்கள். அவர்களுக்கு எந்த மாளிகையிலும் சீட்டு விழவில்லை.

எங்கள் பக்கம் அந்தச் சீட்டு விழுவதற்கும் வெகுகாலம் ஆயிற்று. 2021 டிசம்பரில் பூந்தமல்லியில் ஒரு விடுதியில் சாப்பிட்ட ஆலைப் பெண்கள் நூற்றுக்கும் மேல் நோய்ப்பட்டு, தோழிகள் எல்லாம் வந்து நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். அந்த இரவு நானும் சாலையோரம் நின்றேன். இரண்டு மணி நேரம் பஸ்ஸில் போய், இரண்டு மணி நேரம் பஸ்ஸில் வந்து, படுக்க இடம் பற்றாத அறையில் தூங்கிய பெண்கள் அவர்கள். 2024 ஆகஸ்ட் 17 அன்று வல்லம் வடகாலில் 706.50 கோடி ரூபாயில் சிப்காட் கட்டிய குடியிருப்பை முதலமைச்சர் திறந்துவைத்தார். பதிமூன்று கட்டடங்கள், ஒரு அறைக்கு ஆறு பேர், மொத்தம் 18,720 படுக்கைகள். என் தொழிலுக்கு இதனால் ஆள் குறையும் என்று நண்பர்கள் சொன்னார்கள். குறையட்டும். ஆலைக்குப் பக்கத்தில், பஸ்ஸில் பாதி வாழ்க்கையைக் கழிக்காமல் அத்தனை பெண்கள் தூங்குகிறார்கள் என்றால் எனக்குச் சந்தோஷம். எனக்கு இருக்கிற ஒரே விருப்பம், அந்த மதிலுக்கு வெளியேயும் ஒரு தெரு வளர வேண்டும் என்பதுதான். பூக்கடை, தையல்கடை, பஜ்ஜிக்கடை, செல்போன் ரீசார்ஜ் கடை. வேலை இல்லாத சாயங்காலத்தில் ஒரு பெண் சும்மா நடந்து போய் இரண்டு முழம் பூ வாங்கிக்கொண்டு வர ஒரு தெரு.

ஜெனோவாவில் கடைசியில் நான் தேர்ந்தெடுத்தது பிரின்யோலே ரயில் நிலையத்தை ஒட்டிய சான் வின்சென்சோ பகுதி. போல்சனேட்டோவுக்கு ரயில் அங்கிருந்தே கிடைக்கும். தெரு அகலம், தரை சமம், பெட்டியை உருட்டிக்கொண்டு போகலாம். பக்கத்துப் பெரிய வீதியில் வளைவுத் தாழ்வாரம் உண்டு. மழை பெய்தால் அதன் அடியில் குடையில்லாமல் நடக்கலாம். அதே வீதியில் 1899இலிருந்து நடக்கிற மெர்காத்தோ ஓரியெந்தாலே என்கிற காய்கறிச் சந்தை. கத்தரிக்காயும் தக்காளியும் கீரையும் குவிந்திருக்கும். அடுப்பு உள்ள வீடாகப் பார்த்து எடுத்ததால் பிள்ளைகள் அங்கேயே சாம்பார் வைத்தார்கள். சமைக்க முடியாத நாளில் ஃபரினாத்தா வாங்கிச் சாப்பிட்டார்கள். கொண்டைக்கடலை மாவைக் கரைத்துத் தாம்பாளத்தில் ஊற்றி விறகடுப்பில் சுடுவது. "அடை மாதிரி இருக்கு சார்" என்று போனில் சொன்னான் ஒருவன்.

பிரின்யோலேயிலும் கலங்கல் கேள்வியைக் கேட்டேன். கேட்டது நல்லதாயிற்று. அந்த நிலையத்துக்குப் பக்கத்தில், தெருவுக்கு அடியிலேயே பிசான்யோ என்கிற ஆறு ஓடுகிறது. சென்ற நூற்றாண்டில் அதன் கடைசிப் பகுதியை மூடி மேலே சாலை போட்டுவிட்டார்கள். மலையில் பெய்கிற மழை மூடிய வாய்க்குள் அடங்காதபோது தெருவில் ஏறுகிறது. 2011 நவம்பர் 4 அன்று அதில் சேரும் சிற்றாறு ஒன்று பெருகி ஆறு பேர் இறந்தார்கள். 2014 அக்டோபரிலும் வெள்ளம். நான் கேட்ட பழக்கடைக்காரர் தன் கடைச் சுவரில் இடுப்புக்கு மேலே ஒரு கோட்டைக் காட்டினார். முடிச்சூரில் ஒரு வீட்டுச் சுவரில் நான் பார்த்த அதே கோடு. எங்களுக்குள் பொதுவான மொழி இல்லை. அவர் கோட்டைக் காட்டினார், நான் என் மார்பைத் தொட்டு எங்கள் ஊரில் இவ்வளவு என்று காட்டினேன். அவர் என் தோளில் கை வைத்தார்.

இந்த நவம்பரில் இன்னும் நான்கு பேர் போகிறார்கள், மூன்று வாரத்துக்கு. அதே பகுதியில் இரண்டு வீடுகள் தோதாக வந்தன. ஒன்று தரைத்தளம், வாடகை குறைவு, உள்ளே புதிதாகச் செய்திருக்கிறார்கள். இன்னொன்று மூன்றாம் மாடி, கொஞ்சம் பழையது. மூன்றாம் மாடி வீட்டுக்காரம்மாவுக்கு மொழிபெயர்ப்புக் கருவியில் போட்டு ஒரே ஒரு கேள்வி அனுப்பினேன். ரயில் நிலையத்திலிருந்து உங்கள் வாசலுக்கு வருகிற வழியில் கடைசியாக மூடுகிற கடை எது?

மறுநாள் காலை பதில் வந்திருந்தது. மூலையில் உள்ள பார் ஒரு மணிக்கு மூடும், அதன் உரிமையாளருக்கு என்னைத் தெரியும், உங்கள் பிள்ளைகள் வருகிற அன்று சாவியை அவரிடமே கொடுத்து வைக்கிறேன், அதிகாலையில் போகிறவர்கள் என்றால் எதிரில் உள்ள ரொட்டிக்கடையில் நான்கரைக்கே விளக்கு எரியும் என்று எழுதியிருந்தார். மூன்று வாரத்துக்கும் சேர்த்துப் பணத்தை அன்றே கட்டிவிட்டேன்.